எனக்குக் கூகைக்கட்டு வரவில்லை

தம்பி,

இதைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று இந்தக் கிழமை உனக்கு மூன்று தரம் எடுத்தேன். முதல் தரம் நீ "சொல்லுங்கோ அப்பா" என்றதும் மெல்பேர்ணில் குளிர் எப்படி என்று கேட்டேன். இரண்டாம் தரம் காரைச் சேர்விஸ் பண்ணினாயா என்று கேட்டேன். மூன்றாம் தரம் நீயே "என்னப்பா, ஏதும் பிரச்சினையோ?" என்றாய். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கப்பல் கம்பனி ஒன்றில் முப்பத்திநாலு வருடம் மற்றவர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். வாயால் சொல்ல வராதது எழுதினால் வரும் என்ற நம்பிக்கையில் மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரே மூச்சில் படி. இடையில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் தாரணியும் வீடியோவில் வந்தபோது உன் அம்மா வழக்கம்போல் தாரணியின் ஏழாம் மாத வயிற்றைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னாள். அதற்குப் பிறகுதான், "பிள்ளை, உங்கடை அம்மா எப்ப அங்கை வாறா? விசாவுக்குப் போட்டாச்சோ?" என்று கேட்டாள். தாரணி உன்னைப் பார்த்தாள். நீ சிரித்துக்கொண்டு சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "அவவுக்கு ஏன் வீண் சிரமம்? நீங்கள் வாங்கோ, போதும். மாமிக்குப் பேப்பரிலைதானே நம்பிக்கை. பிள்ளை பிறந்தாப் பிறகு பேர்த் சேர்ட்டிபிக்கற்றை அனுப்பிவிடுவம்." தாரணி எழுந்து போய்விட்டாள். தண்ணீர் குடிக்கப் போனாள் என்று நீ சொன்னாய். போனவள் திரும்பி வரவில்லை. உன் அம்மா பேச்சை மாற்றி வடகத்தைப் பற்றிக் கதைத்தாள். நான் அருகில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தன் முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தன் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்குக்கூடப் பயப்படுகிறாள். அந்தப் பயத்துக்குக் காரணம் நீ இல்லை, அவளுடைய தாயும் இல்லை. நான்தான்.

கலியாணம் முடிந்து இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடத்தில் உன் மாமியோடு "ஓம் மாமி", "சரி மாமி" என்பதைத் தவிர நீ வேறு எதுவும் கதைத்ததை நான் கேட்கவில்லை. அதற்கான காரணம் எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். கலியாணத்துக்குக் கிட்ட எனக்குத் தாடை வீங்குகிற கூகைக்கட்டு வந்தது. அது வந்த ஆண்களுக்குப் பிள்ளை பிறக்காமல் போகலாம் என்று மாமி பயந்தார். என்னோடு ஒரே வீட்டில் இருந்த உனக்கும் தொற்றியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு, உன்னைப் பரிசோதனைக்குப் போகச் சொன்னார். இதுதான் எல்லாருக்கும் தெரிந்த கதை. இதில் முதல் வசனமே பொய். எனக்குக் கூகைக்கட்டு வரவில்லை. தாடைக்குக் கீழே தொங்கிய கொழுப்பைக் கரைக்க நான் ஊசி போட்டுக்கொண்டேன். அந்த வீக்கத்தைத்தான் நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள்.

ஏன் போட்டேன் என்று கேட்பாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கனடாச் சொந்தங்களும் சேர வேண்டும் என்று பெண் வீட்டோடு முதன்முதல் வீடியோவில் கதைத்த அன்று, நீ போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்தாய். எல்லாருடைய முகமும் கீழேயிருந்து தெரிந்தது. உன் முகம், அம்மாவின் முகம், அதற்குப் பக்கத்தில் ஒரு கழுத்து. அந்தக் கழுத்துக்கு மேலேதான் நான் இருந்தேன். தாடை முடிகிற இடமும் நெஞ்சு தொடங்குகிற இடமும் ஒன்றாகிவிட்டிருந்தன. கனடாவிலிருந்து சேர்ந்துகொண்ட தாரணியின் சித்தப்பா, "சம்பந்தியாரைப் பாத்தா நல்ல வசதியான ஆள்போலை கிடக்கு" என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கண்ணாடிக்கு முன்னால் போனால் தலையை அண்ணாந்துதான் பார்ப்பேன். உடம்பு மெலிந்தால் போகும் என்று கடற்கரையில் தெகிவளை வரைக்கும் நடந்தேன். கன்னம் ஒட்டியது, இடுப்பும் கொஞ்சம் குறைந்தது, தாடை மட்டும் அசையவில்லை. கலியாண வீடியோவை எடுக்கிறவன் நாள் முழுக்க என் கழுத்தைத்தான் எடுப்பான் என்ற நினைப்பு வந்துவிட்டது. அறுபத்தொரு வயதுக்காரனுக்கு வருகிற நினைப்பா இது என்று நீ கேட்கலாம். வந்தது.

இதை எழுதும்போது இன்னொன்றும் நெஞ்சில் குத்துகிறது. உனக்கு ஒன்பது பத்து வயதில் நீ நல்ல கொழுகொழு என்று இருந்தாய். வீட்டுக்கு யார் வந்தாலும் உன் தாடைச் சதையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டி, "இவர்தான் எங்கடை ரெண்டு மாடிக் கட்டடம்" என்பேன். வந்தவர்கள் சிரிப்பார்கள். நீ அறைக்குள் போய்விடுவாய். ஒரு நாள் குளியலறைக் கதவு திறந்திருந்தபோது, நீ கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையாலும் தாடையைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அன்றைக்கு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அன்பால்தானே சொல்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கனடாச் சித்தப்பா சொன்ன ஒரு பகிடியை என்னால் ஒரு மாதம் தாங்க முடியவில்லை; நீ என்னுடையதை எத்தனை வருடம் தாங்கினாய்! உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளையின் உடம்பைப் பற்றி யாரும், நான் உட்பட, பகிடி விட்டால் உடனே வாயை மூடச் சொல். எனக்கென்றால் சத்தமாகவே சொல்.

ஊசி போடுகிற இடத்தை நானே தேடிப் பிடித்தேன். கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் ஒரு சரும டொக்டர். முஸ்லிம் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். உன் அம்மாவிடம் பென்சன் விஷயமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்தப் பிள்ளை என் தாடைக்குக் கீழே விரலால் கிள்ளிப் பார்த்தார். தோல் தொங்குகிறதா, உள்ளே கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்தாராம். பிறகு நிதானமாக விளங்கப்படுத்தினார். "அங்கிள், இது உடம்பு மெலியிற ஊசி இல்ல. இந்தச் சின்ன இடத்துல இரிக்கிற கொழுப்புக்கு மட்டுந்தான். சாப்பிட்ட கொழுப்பக் கரைக்கிறதுக்கு நம்மட பித்தத்துல ஒரு சாமான் இரிக்கி, அதப் போலத்தான் இந்த மருந்தும். ஒரு தரத்துல சரியா வராது. மாசத்துக்கு ஒண்டு வீதம் ரெண்டு மூணு தரமாவது வரணும். போட்டா நல்லா வீங்கும். ரெண்டு கிழமையும் போகலாம்." சலூன்களில் என்னவென்றே தெரியாத கலவையைக் கொழுப்பூசி என்று போடுகிறார்கள், அங்கே மட்டும் போய்விடாதீர்கள் என்றும் சொன்னார். கடைசியாக, "இந்த ஒரு மாசத்துக்குள்ள வீட்டுல ஏதும் விசேஷம் இரிக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வீட்டு ஆக்களுக்குத் தெரியுந்தானே?" என்றார். ஓம் என்றேன். தாலிக்குப் பொன் உருக்குகிற உன் பொன்னுருக்குச் சடங்கு ஆறு நாளில் இருந்தது. இணையத்தில் ஒரு ஆள் ஊசி போட்ட மூன்றாம் நாள் கந்தோருக்கு வேலைக்குப் போனதாகச் சொன்ன வீடியோவைப் பார்த்திருந்தேன். டொக்டரை விட அந்த ஆளை நம்பினேன்.

தாடைக்குக் கீழே பேனையால் புள்ளி புள்ளியாக வைத்தார், கோலம் போடப் புள்ளி வைப்பதுபோல். ஐஸ் வைத்து விறைக்கப் பண்ணிவிட்டு ஒவ்வொரு புள்ளியிலும் சின்னதாகக் குத்தினார். குத்தும்போது நுளம்புக்கடி அளவுதான். முடிந்து ஐந்து நிமிடத்தில் நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. வீதிக்கு வந்து ஓட்டோ பிடித்தபோது கழுத்து பாரமாக இருந்தது. பம்பலப்பிட்டி தாண்டும்போது சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "அங்கிள், கம்முல்காயத?" என்று கேட்டான். கூகைக்கட்டா என்று கேட்கிறான். நான் "ஓவ் மல்லி" என்றேன். முதல் பொய்யைச் சிங்களத்தில் சொன்னேன், பாவம் அதில் குறைவு என்று நினைத்தேனோ தெரியாது. சாரதி அந்த இடத்திலேயே மூக்கையும் வாயையும் லேஞ்சியால் கட்டிக்கொண்டான். எங்கள் ஃபிளாட்டில் லிஃப்டுக்குள் மூன்றாம் மாடி ரீச்சர் நின்றார். "ஐயோ அண்ணை, கூகைக்கட்டோ?" என்றார். இப்போது பழகிவிட்டது. தலையை ஆட்டினேன். நான் கதவைத் தட்டுவதற்கு முன்னமே ரீச்சர் எடுத்த போன் எங்கள் வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

உன் அம்மா கதவைத் திறந்தாள். "இஞ்சருங்கோ, என்ன கோலம் இது? உள்ளை வாங்கோ, தம்பிக்குக் கிட்டப் போகாதேங்கோ" என்று என்னை நேரே கடைசி அறைக்குள் தள்ளினாள். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். அவள் பயந்த முகத்தைப் பார்த்ததும், இவ்வளவு பயந்தவளிடம் அழகுக்கு ஊசி போட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று வாய் வரவில்லை. டொக்டரிடம் காட்டினேன் என்று மட்டும் சொன்னேன், அதில் பொய் இல்லை. அவள் கோயிலடியிலிருந்து வேப்பிலை எடுப்பித்து, அரைத்து, கழுத்தில் பூசினாள். அரிசிக் கஞ்சி வைத்துத் தந்தாள். ஒரு கிழமை அந்த வேப்பிலைக்குக் கீழே என் ஊசிப் புள்ளிகள் ஒளித்திருந்தன. சவரம் செய்யாத தாடி மிச்சத்தை மறைத்தது. தாடையைத் தொட்டால் மரத்துப்போய் யாரோ ஒருவருடைய தாடையைத் தொடுவதுபோல் இருந்தது.

பொன்னுருக்கு அன்று வீக்கம் பாதிக்குமேல் வற்றிவிட்டது. வேட்டி சால்வையோடு வந்து நிற்கலாம் என்று எனக்கு ஆசை. ஆனால் கூகைக்கட்டுக்காரனை யார் மங்கல காரியத்துக்கு விடுவார்கள்? வந்த சனத்தில் கைக்குழந்தைகள் இருந்தன. உன் சித்தப்பாவும் சித்தியும்தான் எனக்கும் என்னைப் பராமரித்த அம்மாவுக்கும் பதிலாக நின்றார்கள். தாலிக்கான பொன்னை உன் கையில் சித்தப்பா எடுத்துத் தந்தார், நீ அதைப் பத்தரிடம் கொடுத்தாய். இதெல்லாம் எனக்குப் பிறகு வீடியோவில் பார்த்துத் தெரியும். நான் பூட்டிய கதவுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, பத்தர் நெருப்பை ஊதுகிற சத்தத்தையும், பொன் உருகிவிட்டது என்று பெண்கள் சொல்கிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வீடியோவில் அழகாக விழுவதற்காக ஊசி போட்டவன் அந்த வீடியோவிலேயே இல்லை. அன்றைக்கு நான் அழுதேன். நீ கதவுக்கு வெளியே வந்து நின்று "அப்பா, முடிஞ்சுது. யோசிக்காதேங்கோ" என்று சொன்னாய். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இது வரைக்கும் சொன்னது என் அசட்டுத்தனம். இதை நீ மன்னிக்காவிட்டாலும் சிரிப்பாய். இனிச் சொல்லப்போவதுதான் நான் செய்த பிழை. பொன்னுருக்கி இரண்டாம் நாள் காலை உன் மாமி கொட்டாஞ்சேனையிலிருந்து போன் எடுத்தார். உனக்கு எடுப்பதற்கு முன்னம் எனக்குத்தான் எடுத்தார். இது உனக்குத் தெரியாது. வீக்கம் எப்படி என்று கேட்டார். பிறகு, "அண்ணை, ஒண்டு கேட்டாக் குறை நினைக்கக் கூடாது. என்ரை அண்ணாவுக்கு இருபத்தெட்டு வயசிலை கூகைக்கட்டு வந்தது. பிள்ளை இல்லாமப் போச்சுது. குறை அண்ணாவிலைதான் எண்டு தெரிய வர முதல் பதினொரு வருசம் சனம் அண்ணியைத்தான் மலடி எண்டது. நானும் ஒருக்கால் சொன்னனான், அண்ணை. சொன்ன வாயாலைதான் இப்ப கேக்கிறன். தம்பி உங்களோடை ஒரே வீட்டிலை இருந்தவர். கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லேல்லை. ஒரு டெஸ்ட் மட்டும் எடுத்தா, நாளைக்கு என்ரை பிள்ளையிலை ஒரு சொல் வராது. தகப்பன் இல்லாத பிள்ளை, அவளுக்காகக் கேக்க வேறை ஆக்கள் இல்லை" என்றார். ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணிப் பேசினார். எவ்வளவு கூசியிருப்பார்!

என் வாயில் ஒரே ஒரு வசனம் இருந்தது. "தங்கச்சி, இது கூகைக்கட்டில்லை." இவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். நான் சொன்னது என்ன தெரியுமா? "இதை நீங்கள் தம்பியோடையே கதைக்கிறதுதான் நல்லது." பாரத்தை எடுத்து உன் தலையில் வைத்துவிட்டுப் போனை வைத்தேன். அரை மணித்தியாலத்தில் நீ பல்கனியிலிருந்து போனோடு உள்ளே வந்தாய். முகம் கறுத்திருந்ததாக அம்மா பிறகு சொன்னாள். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, "அப்பா, மாமி இப்பிடிக் கேக்கிறா. நான் போகவோ?" என்று என்னைக் கேட்டாய். உனக்கு முப்பது வயது. எதைக் கேட்டும் என்னிடம் வராத பிள்ளை நீ, அன்றைக்கு வந்தாய். நான் கதவுக்கு உள்ளேயிருந்து, "போட்டு வா. அவையின்ரை மனத்திருப்திக்கு" என்றேன். அந்தச் சொல்லால் மாமியைக் குற்றவாளி ஆக்கி, நான் பெரிய மனுசன் ஆகிவிட்டேன்.

பொன்னுருக்கின பிறகு மாப்பிள்ளை வெளியே இறங்கக்கூடாது என்று உன் அம்மா அழுதாள். தொப்பி போட்டுக்கொண்டு தனியே போனாய். அந்தப் பரிசோதனைக் கூடத்தில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் எழுதப்போவதில்லை, அதை எழுதுகிற உரிமை எனக்கில்லை. எல்லாம் நல்லபடி என்று அறிக்கை வந்தது. கலியாணத்தன்று மண்டப வாசலில் உனக்கு ஆலத்தி எடுத்து முடிந்ததும், நீ மாப்பிள்ளைத் தோழனிடம் கை நீட்டி ஒரு கடித உறையை வாங்கி, "மாமி, நீங்கள் கேட்டது" என்று சற்றுத் தள்ளி நின்ற மாமியின் கையில் கொடுத்தாய். சுற்றி நின்ற பெண்களுக்கு விளங்கிவிட்டது. மாமி அதைத் திறக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, விழுந்துகிடந்த பூவைப் பொறுக்குவதுபோல் குனிந்தார். அப்போது நான் உனக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியோடு நின்றேன். வீக்கம் முழுக்க வற்றியிருந்தது. வீடியோக்காரன் என்னை நோக்கித் திரும்பினான், நான் பழக்கத்தில் தலையை அண்ணாந்தேன். அந்தத் துண்டு இன்றைக்கும் இருக்கிறது. என்னால் பார்க்க முடியவில்லை.

ஊசியில் பிழை இல்லை, தம்பி. அதை நீ சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த டொக்டர் பிள்ளை சொன்னது ஒவ்வொன்றும் அப்படியே நடந்தது. நான் பயத்தில் இரண்டாம் தரம் போகவே இல்லை, அதனால் தாடையும் அப்படியே இருக்கிறது. நாளைக்கு உனக்கோ தாரணிக்கோ இப்படி ஏதாவது செய்துகொள்ள ஆசை வந்தால் நான் சிரிக்க மாட்டேன். படித்த டொக்டரிடம் போங்கள், கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள், வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வீட்டில் சொல்ல முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தால், அந்த வெட்கம் எங்கேயிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். என் வெட்கம் கழுத்தால் வந்ததென்று நினைத்தேன். பிறகு பார்த்தால், மற்றவர்களைப் பகிடி விட்டே பழகியவன் தன்னைப் பகிடி விடுவார்களே என்று பயந்த பயம் அது. இரண்டு வருடமாக வாயைத் திறக்காததும் அதே பயத்தால்தான். ஒவ்வொரு மாதமும் "இனிச் சொல்லி என்ன, எல்லாம் முடிந்த கதை" என்று தள்ளிப் போட்டேன். உனக்கும் மாமிக்கும் இடையில் அது முடியவில்லை என்று தெரிந்துகொண்டேதான் தள்ளிப் போட்டேன்.

புதன்கிழமை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முன்னறையில் மாமி தையல் மெஷினில் யாருக்கோ சாரி பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிப்போய், "அண்ணை, தாரணிக்கு ஏதுமோ?" என்றார். இல்லை என்று சொல்லி உட்கார்ந்து, தேத்தண்ணி வர முதல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேத்தண்ணி வந்தால் கதை மாறிவிடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு முதலில் விளங்கவில்லை. "ஊசியோ? கழுத்துக்கோ?" என்று என் கழுத்தைப் பார்த்தார். "அது அப்பிடியேதானே அண்ணை கிடக்குது!" என்று சொல்லி, கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகு மெஷினில் கிடந்த துணியைத் தடவித் தடவி நேராக்கினார். "அப்ப நான் அந்தப் பிள்ளையை அந்த இடத்துக்கு அனுப்பினது வீணுக்கு" என்றார். என் மேல் ஒரு சொல் கோபமாக வரவில்லை. வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தம்பிக்கு நானே சொல்லப்போகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "வேண்டாம் அண்ணை. சொல்லாதேங்கோ. அவர் உங்களிலை வைச்சிருக்கிற மதிப்பு பெரிசு. நான் வெளி ஆள், என்னிலை கோவமா இருந்தா இருந்திட்டுப் போகட்டும், எனக்குப் பழகிட்டுது. அவர் தகப்பனாகப் போற நேரம், தன்ரை தகப்பனைப் பற்றி இப்பிடி ஒண்டு தெரிய வரக் கூடாது. என்ரை பிள்ளையை நல்லாப் பாக்கிறார், அது போதும்." இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பெரிய போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறிக்குப் போடுகிற சரக்கு. மல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, வறுத்து, தானே இடித்திருக்கிறார். மூடிக்கு மேல் மூன்று மடிப்புப் பொலித்தீன் கட்டி, எத்தனை நாளைக்கு எத்தனை கரண்டி என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தார். "சம்பந்தி போகேக்கை கொண்டு போகட்டும். அவவுக்கு அளவு தெரியாட்டி இதைப் பாத்துப் போடச் சொல்லுங்கோ" என்றார். நீ வரச் சொல்ல மாட்டாய் என்பதை அவர் எப்போதோ முடிவாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

உன் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். "ஒரு கிழமை என்னை வேப்பிலை அரைக்க வைச்சனீங்களே" என்றவள், அதற்குப் பிறகு இன்னும் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் வைக்கிறாள். ஆனால் இன்று காலை பயண முகவருக்கு எடுத்து, தன் ரிக்கற்றை மூன்று மாதம் பின்னுக்குத் தள்ளச் சொல்லிவிட்டாள். பிறப்புக்குத் தான் வரவில்லையாம், பெற்றவள்தான் முதலில் போக வேண்டுமாம். யாரிடமும் கேட்கவில்லை, தானே முடிவெடுத்தாள்.

மாமி சொல்லாதே என்று கேட்டதை மீறித்தான் உனக்கு இதை எழுதுகிறேன். உன் மதிப்பு எனக்கு வேண்டும், தம்பி. இந்த வயதில் அதை விட எனக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் ஒரு பெண்ணின் தலையில் என் பழியை வைத்துவிட்டு, அதன் மேல் ஏறி நின்று வாங்குகிற மதிப்பு வேண்டாம். கோபப்படு, நாள்கணக்காகப் பேசாமல் இரு, நான் பொறுத்துக்கொள்வேன். மாமியின் விசாவுக்கு அங்கேயிருந்து கூப்பிடுகிறவர் கையெழுத்து வைத்த அழைப்புக் கடிதம் வேண்டும் என்று விசாரித்து அறிந்தேன். தாரணி எழுதினாலும் போதுமாம். ஆனால் அதை நீ எழுத வேண்டும். எனக்குப் பதில் போட வேண்டாம். அவருக்கு எழுது.

அப்பா